ஓரங்குல வீரனுக்கு வெயிலும் நிழலும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீட்டு மேசையில் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர் பொம்மைகளில் அதிகம் புழங்கும் அளவு 28 மில்லிமீட்டர். பாதத்திலிருந்து கண்மட்டம் வரைக்குமான உயரம் அது. நிஜ ஆளுக்குக் கண்மட்டம் 1.6 மீட்டர் என்று வைத்தால், பொம்மை அவரைவிட 57 மடங்கு சிறியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி நிற்கும் பொம்மையைப் பார்ப்பதும், 52 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். மதுரை மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 170 அடி. அதை மீட்டராக்கினாலும் 52தான் வரும்.

ஆக, கோபுரத்து உச்சி நிலையில் சாரத்தில் உட்கார்ந்து சுதைப் பூதத்துக்கு வண்ணம் பூசுபவருக்கும், டியூப் லைட்டுக்குக் கீழே ஓரங்குலப் பூதத்தைக் கையில் பிடித்திருப்பவருக்கும் ஒரே சிக்கல்: தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது என்னவென்று தெரிய வேண்டும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் கோபுரத்தை நிதானமாகப் பாருங்கள். கண்கள் தேவைக்கு மேல் பெரியவை. சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. மீசை மை கொட்டியது போல இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முரட்டு வேலையாகத் தோன்றும் அதுவே, வீதியிலிருந்து பார்க்கும்போது உயிரோடு முறைக்கிறது. மினியேச்சருக்குப் பெயின்ட் அடிப்பதில் முதலில் பிடிபட வேண்டிய விஷயம் இதுதான். மற்ற வித்தைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வைகை மணலில் நிற்கும் ஆளுக்கு மூக்கின் கீழும் தாடையின் கீழும் வேட்டி மடிப்புக்குள்ளும் நிழல் கறுப்பாக விழும். அறைக்குள் நிற்கும் பொம்மைக்கு அப்படி விழாது. நாலடி டியூப் லைட்டை அதே 57 மடங்கு பெருக்கிப் பார்த்தால், அந்தக் குட்டி ஆளின் தலைக்கு மேல் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீள விளக்கு தொங்குகிறது. அவ்வளவு பெரிய விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சுற்றி வழிந்துவிடும். அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள துணி மடிப்பில் நிழல் தங்காது. சிவப்பு வேட்டிக்குச் சிவப்பு, தோலுக்குப் பழுப்பு என்று ஒழுங்காக நிரப்பிய பொம்மை மிட்டாய்க் கடைப் பொருள் போல மொழுக்கென்று தெரிவது இதனால்தான். விழாத நிழலையும் படாத வெயிலையும் நாமே பூச வேண்டும்.

எந்தப் பொம்மை?

திருவிழாக் கடைகளில் பையோடு விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய்கள்தான் மலிவு. வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பினால் அது மென்பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிஎத்திலீன். எதையும் ஒட்டவிடாத பொருள் அது. நேராகப் பெயின்ட் அடித்தால் காய்ந்தபின் நகத்தில் சுரண்டினாலே தோல் போல உரிந்து வரும். இதற்கு ஒரு வழி உண்டு. சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பெவிக்கால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து மெல்லிசாக ஒரு கை பூசுங்கள். பொம்மையைச் சுற்றி ஒரு சட்டை போட்டது போல ஆகிவிடும். அந்தச் சட்டையின் மேல் பெயின்ட் நிற்கும். அப்படியும் வேலும் வாளும் வளைந்தால் அங்கே விரிசல் விடத்தான் செய்யும். கோணிப்போன வேலையோ வாளையோ வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நேராகும்.

கடின பிளாஸ்டிக் துண்டுகளாக வந்து, நாம் ஒட்டிச் சேர்க்கும் பொம்மைகள் விலை கூடியவை, வேலைக்கு இதமானவை. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடும். கட்டர் பிளேடின் முதுகுப்புறத்தால் அதைச் சுரண்டி எடுங்கள், கூர்ப்புறத்தால் வேண்டாம். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால் பின்னால் ஹைலைட், அதாவது வெயில் படும் இடத்துக்கான வெளிர் நிறம், பூசும்போது நெற்றி நடுவே தையல் போட்டது போல அந்தக் கோடு எழுந்து நிற்கும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த ரெசின் பொம்மை என்றால், கழுவி முழுதாக ஒளியில் இறுகவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும் ரெசினை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது.

மதுரையை அடுத்த விளாச்சேரியின் மண்பொம்மை மரபு பக்கத்திலேயே இருக்கும்போது மண்ணிலேயே செய்யலாமே என்று தோன்றும். பெரிய அரக்கன், கோட்டைச் சுவர், குதிரை இவற்றுக்கு மண் அருமை. ஆனால் 28 மில்லிமீட்டர் ஆளின் கை தீக்குச்சியைவிட மெலிது. அந்தத் தடிமனில் மண் ஒரு முறை கீழே விழுவதைக்கூடத் தாங்காது.

பிரைமர்

கொலு பொம்மைக்கு முதலில் வெள்ளை பூசித்தானே வண்ணம் ஏற்றுகிறார்கள். இங்கும் அதே கதை. பிரைமர் இல்லாமல் அக்ரிலிக் பெயின்ட் நிற்காது, நின்றாலும் விளையாட்டில் பத்து முறை விரல் பட்டதும் மூக்கும் முழங்காலும் வெளுத்துவிடும்.

வாகனப் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரே பிரைமர் போதும். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். மெல்லிசாக இரண்டு மூன்று முறை. ஒரே மூச்சில் மூடப் பார்த்தால் முகமே நிரம்பி மொழுக்கட்டையாகிவிடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மொட்டை மாடியில்தான் அடிக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். மதுரையின் மே மாத மதியத்தில் அடித்தால் பெயின்ட் துளி பொம்மையை எட்டும் முன்பே காற்றில் காய்ந்து தூளாகப் போய் ஒட்டும். தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அடித்தால் வேறு வினை: பூச்சு வெளுத்துப் பனி படர்ந்தது போல ஆகும், குறிப்பாக வார்னிஷ். ஈரமில்லாத நாளில், காலை ஏழு மணிக்கு மேல் ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மென்பிளாஸ்டிக்குக்கு ஸ்ப்ரே வேண்டாம். சில வகைகளில் அது மாதக்கணக்கில் பிசுக்கென்றே இருக்கும். பெவிக்கால் சட்டைக்கு மேல் ஓவியக் கடைகளில் கிடைக்கும் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சைத் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் பூசுங்கள்.

கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றில் எது என்று கேட்டால், தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இரண்டைச் சேர்த்து அடிப்பது. முழுக்கக் கறுப்பு அடித்துக் காயவிட்டு, பிறகு உச்சிப் பக்கமிருந்து மட்டும் வெள்ளையை லேசாக வீசுங்கள். உச்சி வெயில் எங்கே விழும், எங்கே விழாது என்கிற வரைபடம் பொம்மையின் மேலேயே கிடைத்துவிடும். பெயின்ட் அடிக்கும் முன் அதை நாலு பக்கமும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஹைலைட் எங்கே வைப்பது என்ற குழப்பம் வரும்போது அந்தப் படம் வழிகாட்டும்.

தயிர், மோர், நீர்மோர்

தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் பெயின்ட்டின் பதத்தில்தான். பாட்டிலிலிருந்து வருவது கெட்டித் தயிர். அதை அப்படியே பூசினால் பிரஷ் தடம் பதியும், கவசத்தின் நுணுக்கங்கள் புதைந்துபோகும். முதல் வண்ணம் நிரப்ப மோர்ப் பதம் வேண்டும். பெயின்ட் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று தொடங்கலாம். நிழலுக்கு நீர்மோர்ப் பதம். பதம் சரியா என்று பார்க்கக் கட்டைவிரலில் ஒரு கோடு இழுங்கள். நிறம் பிடிக்க வேண்டும், ஆனால் விரல் ரேகைகள் அதன் வழியே தெரிய வேண்டும். ரேகை மறைந்தால் கெட்டி. ரேகைக் குழிகளில் மட்டும் ஓடித் தேங்கினால் தண்ணி.

தண்ணீரை இஷ்டத்துக்கு ஊற்றவும் கூடாது. அக்ரிலிக் என்பது நிறப்பொடியும் பிளாஸ்டிக் பசையும் தண்ணீரில் மிதக்கும் கலவை. தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பசைத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று பிணைந்து படலமாகின்றன. தண்ணீர் மிஞ்சினால் பிணைப்பு தளர்ந்து, காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டும். ரொம்ப நீர்க்க வேண்டிய இடத்தில் தண்ணீரோடு நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தையும் சேர்க்க வேண்டும். ஒருமுறை பிணைந்த படலம் திரும்பத் தண்ணீரில் கரையாது. பிரஷ்ஷை அவ்வப்போது அலச வேண்டியதும் இதனால்தான்.

பெயின்ட் என்றதும் சிட்டாடல், வலேஹோ என்று வெளிநாட்டுப் பெயர்கள் காதில் விழும். நிறப்பொடி நைசாக அரைத்தது, இரண்டே பூச்சில் மூடும், விலையும் அதற்கேற்றபடி. முதல் இருபது பொம்மைக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பெவிகிரில், கேம்லின் அக்ரிலிக்கே போதும். மூன்று பூச்சு ஆகும், அவ்வளவுதான். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், காவி மஞ்சள், செங்காவி, கரும்பழுப்பு, தங்கம், வெள்ளி என்று ஒன்பது நிறம் இருந்தால் ஒரு படையையே முடிக்கலாம்.

நம்மூர் வெப்பத்தில், அதுவும் ஃபேனுக்குக் கீழே, தட்டில் வைத்த பெயின்ட் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டும். அதற்கு ஈரத்தட்டு செய்துகொள்ளுங்கள். மூடியுள்ள தட்டையான டிபன் டப்பாவில் பாத்திரம் தேய்க்கும் மெல்லிய ஸ்பாஞ்சைப் பரப்பி, அது ஊறும் அளவு தண்ணீர் ஊற்றி, மேலே கேக் வேகவைக்கப் போடும் பேக்கிங் தாளை விரியுங்கள். தாளில் கசியும் ஈரம் பெயின்ட்டை மணிக்கணக்கில் காயவிடாது. மூடி வைத்தால் மறுநாளும் ஓடும். மெழுகு பூசிய தாள் தண்ணீரைக் கசியவிடாது, அது உதவாது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை அலசிவிடுங்கள், இல்லையென்றால் ஊசிப்போன வாடை வரும்.

பிரஷ் விஷயத்தில் ஒரு பொதுவான ஏமாற்றம் உண்டு. சின்ன வேலைக்குச் சின்ன பிரஷ் என்று நினைத்து மூன்று சைபர் (000) நம்பர் வாங்குவார்கள். அதில் பெயின்ட் நிற்காது, நுனிக்கு வருமுன் காய்ந்துவிடும். நுனி கூராகச் சேரும் 2-ஆம் நம்பர், 0-ஆம் நம்பர் உருண்டை பிரஷ் இரண்டும், தேய்ந்துபோன தட்டை பிரஷ் ஒன்றும் போதும். தகரப் பட்டைக்குள் பெயின்ட் ஏறவிடாதீர்கள், ஏறினால் மயிர் விரிந்துவிடும். தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைத்தாலும் அதே கதி.

மூன்று படி

முதல் படி நிரப்புதல். ஒவ்வொரு பகுதிக்கும் நடுத்தர நிறத்தை மோர்ப் பதத்தில் இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பயந்து அங்கேயே திரும்பத் திரும்பத் தடவினால் பாதி காய்ந்த படலம் கிழிந்து வரும். வெயில் காலத்தில் பத்து நிமிடம், மழைக்காலத்தில் அரைமணி கழித்து அடுத்த பூச்சு.

இரண்டாம் படி நிழல், தொழில் பேச்சில் வாஷ். கரும்பழுப்புப் பெயின்ட் 1 சொட்டு, மீடியம் 3 சொட்டு, தண்ணீர் 5 சொட்டு, பாத்திரம் கழுவும் திரவம் பல்குத்தி நுனியில் தொட்டது போல. அந்தச் சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்துவதால் கலவை துளித்துளியாக நிற்காமல் பள்ளங்களுக்குள் தானே ஓடும். மேடுகளில் மெல்லிசாகவும் குழிகளில் கெட்டியாகவும் நிற்பதால் ஒரே பூச்சில் மடிப்பெல்லாம் எழுந்துவரும். தொடங்குபவரின் கண் விரியும் கட்டம் இதுதான்.

கெட்டுப்போகும் கட்டமும் இதுதான். தட்டையான கேடயத்தில் தேங்கிய வாஷ், காய்ந்ததும் ஓரத்தில் வளையமாகக் கறை விடும். மேசையில் சிந்திய காபித்துளி நடுவில் வெளுத்து ஓரத்தில் கருத்துக் காய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. துளியின் ஓரம் முதலில் காய்கிறது. அங்கே குறையும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவரும்போது நிறப்பொடியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே வாஷ் பூசியதும் பொம்மையை அப்படியே விடாதீர்கள். ஈரமான வெறும் பிரஷ்ஷால் தேங்கிய இடங்களை உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்தபின் தொட்டால் கறை கூடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முழுதும் காயவிட்டு, மேட்டுப் பகுதியில் அசல் நிறத்தை மறுபடி ஏற்றுவதே வழி.

மூன்றாம் படி வெயில், அதாவது ஹைலைட். மயிர், சங்கிலிக் கவசம், கல், மரப்பட்டை போலக் கரடுமுரடான இடங்களுக்கு உலர்பிரஷ் முறை. தட்டை பிரஷ்ஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, பழைய வேட்டித் துணியில் துடைத்துத் துடைத்து, புறங்கையில் இழுத்தால் தூசி அளவுக்கு மட்டும் ஒட்டும்வரை கொண்டுவந்து, மேடுகளுக்குக் குறுக்கே லேசாக விசிறுங்கள். கோடுகோடாக விழுந்தால் இன்னும் துடைத்திருக்க வேண்டும். வழவழப்பான தோலுக்கும் துணிக்கும் இது ஒத்துவராது, சுண்ணாம்பு தடவியது போல ஆகும். அங்கே கூர்பிரஷ்ஷால் மோர்ப் பதத்தில், வெயில் படும் இடத்தில் மட்டும் பூசுங்கள்: தலை உச்சி, நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன மேடு, தோள், முழங்கை, விரல் கணு, முழங்கால். முதலில் சற்றே வெளிர், பிறகு அதிலும் சிறிய இடத்தில் இன்னும் வெளிர்.

எவ்வளவு வெளிர்? கையில் பிடித்துப் பார்க்கும்போது கொஞ்சம் கூடிப்போனது போலத் தோன்ற வேண்டும். பூசும் தூரம் ஓரடிக்குள், பார்க்கும் தூரம் மூன்றடி. சந்தேகம் வந்தால் பொம்மையை மேசையில் வைத்து மூன்றடி தள்ளி மொபைலில் கறுப்புவெள்ளைப் படம் எடுங்கள். கையும் மார்பும் வேட்டியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை, இருட்டும் வெளிச்சமும்தான் போதவில்லை.

நிறத்துக்கு நிறம்

எல்லா நிறத்தையும் வெள்ளை சேர்த்து வெளுக்கவும் கறுப்பு சேர்த்து இருட்டாக்கவும் பார்ப்பது புதியவர் வழக்கம். சிவப்போடு வெள்ளை சேர்த்தால் ரோஜா நிறம்தான் வரும். சிவப்புக்கு மேட்டில் ஆரஞ்சு, குழியில் கரும்பழுப்பு. நீலத்துக்கு வெள்ளை சேர்க்கலாம், பச்சைக்கு மஞ்சள். மஞ்சள் எதையும் மூடாத நிறம். கறுப்பின் மேல் ஐந்து பூச்சு அடித்தாலும் பாசி பிடித்தது போலத்தான் இருக்கும். அதற்கு முதலில் காவி மஞ்சள் பூசி அதன்மேல் ஏற்றுங்கள். வெள்ளை வேட்டியைச் சுத்த வெள்ளையில் தொடங்கினால் மேலே போக வழியில்லை. வெளிர் சாம்பலில் தொடங்கி, வெள்ளையை மடிப்பின் முகட்டுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். தங்கத்துக்கு அடியில் பழுப்பு, மேலே பழுப்பு வாஷ், விளிம்பில் ஒரு கீற்று வெள்ளி. உலோக நிறம் தொட்ட பிரஷ்ஷுக்குத் தனித் தண்ணீர் வையுங்கள். ஒரே டம்ளர் என்றால் முகமெல்லாம் மினுமினுக்கும்.

தோல் நிறம் என்ற பெயரில் பாட்டிலில் விற்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல். நம்மூர்த் தோலுக்குச் செங்காவி மூன்று பங்கு, காவி மஞ்சள் ஒரு பங்கு, கரும்பழுப்பு அரைப் பங்கு. நிழலுக்கு அதே கலவையில் கரும்பழுப்பைக் கூட்டி, நீலம் ஒரு துளி. ஹைலைட்டுக்குக் காவி மஞ்சளைக் கூட்டி, கடைசிப் புள்ளிக்கு மட்டும் வெள்ளை. கரிய தோலில் வெயில் சின்ன இடத்தில், ஆனால் பளிச்சென்று தெறிக்கும். ஆகவே ஹைலைட்டின் பரப்பைக் குறைத்து வீச்சைக் கூட்டுங்கள்.

கண்ணைப் பற்றி: சிற்பத்துக்குக் கண் திறப்பது கடைசி. மினியேச்சருக்கு அதைத் தலைகீழாக்கிவிடலாம். முகத்தில் முதல் நிறம் ஏற்றியதுமே கண்ணை முடித்துவிடுங்கள். குழியில் கரும்பழுப்பு, அதன்மேல் வெண்சாம்பல் கீற்று, நடுவில் கறுப்புப் புள்ளி. பிசகினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் திருத்தலாம், முகம் முழுக்க முடிந்தபின் பிசகினால் எல்லாம் போச்சு. புள்ளி நடுவில் விழுந்தால் பேயைக் கண்டவன் போல விழிக்கும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் சற்றுத் தள்ளி வைத்தால் பார்வை வரும். கை நடுங்குகிறதா? கண்குழியில் கருநிழல் மட்டும் விட்டு, புருவத்தைப் பளிச்சென்று காட்டுங்கள். மூன்றடியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

விளையாட்டுக்கென்றே இன்னொரு தேவை உண்டு. எந்தப் பொம்மை எந்த அணி என்று எதிராளிக்கு ஒரு பார்வையில் புலப்பட வேண்டும். வீட்டிலேயே எழுதிய விதிகள் என்றால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் பெட்டியோடு வந்த படம் எதுவும் இல்லை. ஒரு படைக்கு ஒரு முக்கிய நிறம், இடுப்புத் துணிக்கும் கொடிக்கும் அதற்கு எதிர் நிறம் என்று முடிவு செய்து, ஐந்தைந்து பொம்மையாக வரிசை கட்டி ஒரே நிறத்தை ஐந்துக்கும் பூசிக்கொண்டு போங்கள். ஐந்தாவதை முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும்.

சிங்கத்திலிருந்து யாளி

உருவத்தை மாற்றியமைப்பதைக் கற்க யாளியைவிட நல்ல பாடம் இல்லை. மாதிரி வேண்டுமென்றால் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத் தூண்களைப் பார்த்தால் போதும்: சிங்க உடல், பிதுங்கிய கண், சிலவற்றுக்குத் தும்பிக்கை. (கருப்பசாமியையும் மற்ற காவல் தெய்வங்களையும் படையில் சேர்க்கும் யோசனை பலருக்கு வரும். பகடை உருட்டி அவர் தோற்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். யாளி, பூதம், வேதாளத்தோடு நிற்பது நல்லது.)

விலங்குப் பொம்மைப் பொட்டலத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் நீளச் சிங்கம் ஒன்றை எடுங்கள். மூக்கு நுனியை வெட்டி, அங்கே ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப் கம்பியை அரை சென்டிமீட்டர் உள்ளே செருகி பெவிக்விக் விடுங்கள். மென்பிளாஸ்டிக்கில் பெவிக்விக் தனியாக நிற்காது, கம்பிதான் உண்மையில் பாரம் தாங்குகிறது. கம்பியைத் தும்பிக்கை வடிவில் வளைத்துக்கொள்ளுங்கள்.

அதன்மேல் சதை வைக்க எம்-சீல், பிசைந்தால் இறுகும் எபாக்ஸி. இரண்டு நிறக் கட்டியிலும் பட்டாணி அளவு சமமாக எடுத்து, கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். சமமாக எடுக்காவிட்டால் ஒரு பக்கம் ரப்பர் போலவே நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இறுகாத எபாக்ஸி சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். பிசைந்தபின் நம்மூர்ச் சூட்டில் பத்து நிமிடம்தான் கைக்கு அடங்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு உறுப்பு மட்டும் செய்யுங்கள். கருவியையும் விரலையும் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. முதல் நாள் கம்பியை மூடும் அளவுக்கு மெல்லிய பூச்சு. இறுகியபின், மறுநாள் அதன்மேல் வடிவம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்தால் மூக்கைத் திருத்தும்போது கன்னம் நசுங்கும். தும்பிக்கையின் வரிகளுக்குப் பிளேடின் நுனி, கண்ணுக்குக் கடுகு, பிடரிச் சுருளுக்கு மெல்லிசாக உருட்டிய கயிறு. நன்றாக இறுகியதும் 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். உலர்ந்த எபாக்ஸித் தூள் மூச்சில் போகக் கூடாது. கடிவாளத்துக்கு லேன் கேபிளைக் கீறினால் உள்ளே கிடைக்கும் ஒற்றைச் செம்புக் கம்பி சரியான தடிமன்.

காலுக்குக் கீழே

அடித்தட்டுக்கு ஹார்டுவேர் கடையில் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான இரும்பு வாஷர் கேளுங்கள். வெளிவிட்டம் 24 மில்லிமீட்டர், பொம்மை சாயாத எடை. நடு ஓட்டையை அட்டை ஒட்டி மூடி, பொம்மையை நிறுத்தி, பெவிக்கால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த எம்-சாண்டைத் தூவுங்கள். தோட்டத்து மண் என்றால் வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள், ஈரமும் பூச்சியும் போகும். காய்ந்ததும் நீர்த்த பெவிக்கால் ஒரு கை மேலே. மண்ணையும் வெறும் மண்ணாக விடாமல் பழுப்பு பூசி, வாஷ் விட்டு, காவி மஞ்சளால் உலர்பிரஷ் செய்யுங்கள். நிஜ மண்ணாக இருந்தாலும் அதற்கும் அந்த 57 மடங்குக் கணக்கு உண்டு.

வியர்வைக் கை பட்டுத்தான் பெயின்ட் தேய்கிறது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மினுமினுப்பில்லாத மேட் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். மினுமினுப்பு வார்னிஷ் கூடுதல் உறுதிதான், ஆனால் டியூப் லைட் அதில் பிரதிபலித்து நீங்கள் பூசிய நிழலையெல்லாம் தின்றுவிடும். கண்ணுக்கும் யாளியின் நாக்குக்கும் மட்டும் அதை ஒரு சொட்டு வைக்கலாம்.

எல்லாம் சேர்ந்தும் சகிக்கவில்லை என்றால் கடின பிளாஸ்டிக் பொம்மையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறவிட்டு, கையுறையோடு பழைய பல்துலக்கியால் தேயுங்கள், அக்ரிலிக் வழண்டு வந்துவிடும். எம்-சீல் வைத்த இடமும் ஒட்டிய இடமும் இளகக்கூடும், முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். தேய்க்கும்போது குழாயில் காட்டாதீர்கள். தண்ணீர் பட்டதும் கரைந்த பெயின்ட் கோந்தாகத் திரண்டு பொம்மையிலும் பிரஷ்ஷிலும் அப்பிக்கொள்ளும். டெட்டாலிலேயே அலசி, துணியில் துடைத்து, பெயின்ட் சுவடே இல்லை என்றான பிறகுதான் சோப்புத் தண்ணீர்.